மானிட்டர் விளக்கு எரிகிறதா, அணைந்ததா?

விளையாடிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்தால், அந்த நொடியில் மானிட்டரின் ஓரத்தில் இருக்கும் சின்ன விளக்கைப் பாருங்கள். நான் அதைப் பார்க்க ஏழு வாரம் ஆயிற்று. அதற்குள் விண்டோஸை மாற்றினேன், பிராசஸரின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றினேன், தேவையில்லாமல் ஒரு ராம் வாங்கினேன். மதர்போர்டு போய்விட்டது என்று ஒருவர் சொன்னதை நம்பி 9,500 ரூபாய் புரட்டவும் தொடங்கிவிட்டேன். இதே தொல்லையில் இருக்கும் யாருக்காவது அந்த ஏழு வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரியில். வேலைக்கு ராணிப்பேட்டை சிப்காட்டுக்குப் போகிறேன். வீடு திரும்பிக் குளித்துச் சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு மேல் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாலு பேர் இப்போது குடியாத்தம், ஓசூர், ஷார்ஜா என்று ஆளுக்கொரு திசையில் இருக்கிறோம். ராத்திரி விளையாட்டில்தான் சந்தித்துக்கொள்கிறோம். கல்யாணத்துக்கோ சாவுக்கோ ஊருக்கு வந்தால்தான் நேரில் பார்ப்போம். அதனால் அந்த இரண்டு மணி நேரம் எனக்குப் பொழுதுபோக்கு என்பதைவிடக் கொஞ்சம் பெரியது. நடுவில் கம்ப்யூட்டர் அணைந்தால் விளையாட்டு போகிறது என்பதைவிட, பேசிக்கொண்டிருந்தவன் குரல் பாதியில் அறுந்து போவதுதான் வலிக்கும்.

மெஷின் விவரம் இது: ரைசன் 5 5600 பிராசஸர், ஆர்.டி.எக்ஸ். 3060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜி.பி. ராம். எல்லாம் 2022 கடைசியில் வாங்கியது. வீட்டுக் கரண்டை மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். மட்டும் பழசு. 2016-ல் கட்டிய முதல் கம்ப்யூட்டரில் இருந்த 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். நன்றாகத்தானே ஓடுகிறது என்று அதையே மாட்டிக்கொண்டேன். 3060-க்கு 550 வாட் போதும் என்றுதான் தயாரிப்பாளரே சொல்கிறார். கணக்கில் தப்பில்லை. வயதைத்தான் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

தொல்லை ஏப்ரல் நடுவில் ஆரம்பித்தது. முதல் நாள் கரண்ட் போய்விட்டது என்று நினைத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தேன், ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. திரும்ப ஆன் செய்தேன், வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து மறுபடியும். அப்புறம் ஒரே ராத்திரியில் இரண்டு முறை. நீலத் திரை இல்லை, எச்சரிக்கை இல்லை, சுவிட்சைப் பிடுங்கியது போல ஒரே இருட்டு.

முதலில், விண்டோஸ் தனக்கு நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். சிவப்பு அடையாளத்தோடு கெர்னல்-பவர் 41 என்று வரிசையாக இருந்தது. அந்த எண்ணையே நோயின் பெயர் என்று எடுத்துக்கொண்டு மூன்று நாள் இணையத்தில் தேடினேன். பயாஸை அப்டேட் செய் என்கிறார் ஒருவர், டிரைவரை மாற்று என்கிறார் இன்னொருவர், ரெஜிஸ்ட்ரியில் ஏதோ எண்ணைத் திருத்தச் சொல்கிறார் வேறொருவர். உண்மையில் 41 சொல்வது ஒரே சேதிதான்: போன முறை கம்ப்யூட்டர் முறைப்படி ஷட்டவுன் ஆகவில்லை. மயங்கி விழுந்தவர் எழுந்ததும் ‘நான் விழுந்துவிட்டேன்’ என்று சொல்வது மாதிரி. ஏன் விழுந்தார் என்பது அதில் இருக்காது. ஒன்றே ஒன்று உதவும். அந்தப் பதிவின் விவரப் பகுதியில் பக்செக் கோடு என்று ஒரு வரி இருக்கும். அதில் எண் இருந்தால் விண்டோஸ் ஏதோ பிழையைப் பிடித்துத் தானே நிறுத்தியிருக்கிறது, டிரைவர், ராம் பக்கம் தேடலாம். அங்கே சுழியம் இருந்தால் விண்டோஸுக்கே தெரியாமல் மின்சாரம் நின்றிருக்க வாய்ப்பு அதிகம். எனக்கு ஒவ்வொரு முறையும் சுழியம்தான். அது தெரிந்திருந்தால் ஃபார்மட் செய்யப் போயிருக்க மாட்டேன்.

அடுத்துச் சூட்டைச் சந்தேகப்பட்டேன். வேலூர்க்காரனுக்கு அது இயல்பு. வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது எங்களுக்குப் புதுசில்லை. மரமில்லாத மலை என்று எங்கள் ஊரைச் சொல்வார்களே, அந்தப் பாறையெல்லாம் பகலில் குடித்த சூட்டை ராத்திரியில்தான் கக்கும். என் அறை மாடியில், தலைக்கு மேலே நேரே கான்கிரீட் தளம். பத்து மணிக்குச் சுவரைத் தொட்டாலும் வெதுவெதுப்பாக இருக்கும். ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, விளையாடும்போது பதிவாகும் சூட்டைக் கோப்பில் எழுத வைத்தேன். அணைந்த கடைசி நொடியில் பிராசஸர் 76 டிகிரி, கிராபிக்ஸ் கார்டு 72. இந்தப் பிராசஸருக்கு எல்லை 90, கார்டுக்கு 93. அந்த எல்லையை நெருங்கினால்கூட முதலில் வேகத்தைத்தான் குறைத்துக்கொள்ளும், படம் திக்கித் திக்கி வரும். அப்படி எதுவும் இல்லாமல் 76-ல் அணைகிறது என்றால் இந்த இரண்டும் காரணமில்லை. இவ்வளவும் திரையில் தெரிந்த பிறகும் மனசு கேட்காமல் பேஸ்ட்டை மாற்றினேன். 3 டிகிரி குறைந்தது, அணைவது குறையவில்லை.

ஆனால் அந்தக் கோப்பில் ஒரு ஓட்டை இருந்தது, அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. பிராசஸர், கார்டு, எஸ்.எஸ்.டி. எல்லாவற்றின் சூடும் அதில் வரும். எஸ்.எம்.பி.எஸ். உள்ளே எவ்வளவு சூடு என்று வராது. சாதாரண எஸ்.எம்.பி.எஸ். தன் சூட்டை வெளியே சொல்வதில்லை.

ஊருக்குள் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். எல்லாரும் செய்வதுபோல கேபினெட்டை மட்டும் ஆட்டோவில் வைத்து எடுத்துப் போனேன். 600 ரூபாய்க்கு ஃபார்மட் செய்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த ராத்திரியே அணைந்தது. மறுபடி கொண்டுபோனபோது ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்து, நாலு மணி நேரம் கேம் ஓடியும் அணையவே இல்லை, ராம் வேண்டுமானால் மாற்றிப் பாருங்கள் என்றார்கள். மாற்றினேன். மூன்றாவது முறை போனபோதுதான் போர்டு என்றார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். அவர்கள் முன்னால் அணையாத மெஷினில் அவர்கள் எதைக் கண்டுபிடிக்க முடியும்? கடையில் ஓடுகிறது, வீட்டில் அணைகிறது. விடை அந்த ஒரு வரியிலேயே இருந்தது. கடையில் ஏ.சி. உண்டு, கேபினெட்டை மேஜைமேல் திறந்து போட்டிருந்தார்கள், சுவரிலிருந்து நேரே கரண்ட். என் அறையில் இந்த மூன்றில் ஒன்றும் கிடையாது.

திருப்பம் வந்தது என் மாமாவால். வேலூர் பக்கம் அணைக்கட்டு என்ற ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார், முப்பது வருஷத் தொழில். கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர். வைகாசியில் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர், நான் மெஷினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, “இன்னா மாப்ள, இன்னா ஆச்சி?” என்றார். சொன்னேன்.

“ஆஃப் ஆயி உடனே ஸ்டார்ட் ஆவுதா, இல்ல கொஞ்ச நேரம் கழிச்சி ஆவுதா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. சில நாள் உடனே வந்த ஞாபகம். சில நாள் பவர் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் அசையாமல் கிடந்து, வெறுத்துப்போய்ப் படுத்துக்கொண்ட ஞாபகம்.

“போர் மோட்டார் ட்ரிப் ஆவுதுன்னு வருவாங்க மாப்ள. மோட்டாரத் தூக்கிக் காயில் மாத்துங்கன்னுதான் கேப்பாங்க. நான் மொதல்ல இதத்தான் கேப்பேன். உடனே எடுத்தா லைன்ல கோளாறு. ஆறினப்புறம் எடுத்தா சூடு. ரெண்டும் வேற வேற வைத்தியம். நீ ஒரு நோட்டு போட்டு எழுது.”

அன்றைக்கே நோட்டு போட்டேன். எழுதியவை இவை: நேரம், என்ன கேம், ஆரம்பித்து எத்தனை நிமிஷம், மானிட்டர் விளக்கு எரிகிறதா, பட்டனை அழுத்தினால் உடனே வருகிறதா, பக்கத்து அறையில் அப்பா அம்மா ஏ.சி. போட்டிருக்கிறார்களா. எதையும் மாற்றவில்லை, பழுது பார்க்கவில்லை, பத்து நாள் அணைய அணைய எழுதினேன். மொத்தம் 12 முறை.

பன்னிரண்டையும் ஒரே பக்கத்தில் பார்த்தபோது என் உடம்பு சிலிர்த்தது. இரண்டு வேறு வேறு நோய்கள். ஏழு முறை மானிட்டர் விளக்கும் சேர்ந்தே அணைந்திருந்தது, திரும்ப ஆன் செய்தால் உடனே வந்திருந்தது. அந்த ஏழிலும் பக்கத்து அறையில் ஏ.சி. ஓடியது. கேம் ஆரம்பித்து 5 நிமிஷத்திலும் உண்டு, 90 நிமிஷத்திலும் உண்டு. மீதி ஐந்து முறை மானிட்டர் விளக்கு எரிந்தது, சிக்னல் இல்லை என்று திரையில் வந்தது, பட்டனை அழுத்தினால் பத்துப் பதினைந்து நிமிஷம் உயிரே இல்லை. அந்த ஐந்தும் சைபர்பங்க் 2077 மாதிரி கார்டை முழு மூச்சில் ஓட வைக்கும் கேமில், 35 நிமிஷத்துக்குப் பிறகு. கார்டுக்கு அவ்வளவு வேலை வைக்காத வேலரண்ட் ஆடும்போது இந்த இரண்டாவது வகை ஒரு முறைகூட இல்லை.

இத்தனை நாள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டிருந்ததால்தான் எந்தச் சோதனையும் நிலையான விடை தரவில்லை. ஏ.சி. போடாத நாளில் பேஸ்ட் மாற்றினால் ‘சரியாகிவிட்டது’ என்று தோன்றும், மறுநாள் பொய்யாகும்.

மாமாவும் நானும் முதல் வகையை எடுத்துக்கொண்டோம். மானிட்டரும் கேபினெட்டும் சேர்ந்து அணைகின்றன என்றால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில் கரண்ட் நிற்கிறது. எனக்கு அந்தப் பொது இடம் யு.பி.எஸ். 600 வி.ஏ. என்று பெட்டியில் போட்டிருந்ததை 600 வாட் என்றே நினைத்திருந்தேன். அதே பெட்டியின் பின்பக்கம் 360 வாட் என்று இருந்தது. கனமான கேம் ஓடும்போது என் மெஷினும் மானிட்டரும் சேர்ந்து சுமார் 330 வாட் இழுக்கும். விளிம்பில்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதிலும் பேட்டரி நாலு வருஷப் பழசு. 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி அது. 330 வாட் கேட்டால் கிட்டத்தட்ட 30 ஆம்பியர் கொடுக்க வேண்டும். சூட்டில் வதங்கிய பழைய பேட்டரி ஒரு நொடிகூடத் தாங்காது. சும்மா உலாவிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனால் யு.பி.எஸ். நன்றாகத்தான் தாங்கியது, ஏனென்றால் அப்போது சுமை 100 வாட்கூட இல்லை. அதை நம்பித்தான் யு.பி.எஸ். மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அணையும்போது அது கீச்சென்று கத்தியிருக்கும். காதில் ஹெட்போன், எனக்குக் கேட்கவில்லை.

சரி, கரண்டே போகாதபோது யு.பி.எஸ். ஏன் பேட்டரிக்கு மாற வேண்டும்? மாமா ஏ.சி. அறையையும் என் அறையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கம்ப்ரசர் எடுக்கும் நொடியில் என் அறை டியூப் லைட் லேசாகக் கண் சிமிட்டியது. மல்டிமீட்டரில் கீழே மீட்டர் பக்கம் 216 வோல்ட், அதே நேரம் என் பிளக்கில் 203. கம்ப்ரசர் கிளம்பும்போது இன்னும் கீழே இறங்கியது. வோல்ட் அளவுக்கு மீறி இறங்கினால், கரண்ட் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறிவிடும். மாடி அறைகளைப் பின்னால் கட்டினோம். அப்போது கீழிருந்து போன ஒரே மெல்லிய வயரில்தான் லைட், ஃபேன், என் கம்ப்யூட்டர், பிறகு வந்த ஏ.சி. எல்லாம் தொங்கின. எலக்ட்ரீஷியனை வரவழைத்து மாடிப்படி ஓரம் இருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தபோது என் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். முறுக்கி டேப் சுற்றிய இரண்டு ஜாயின்ட்டுகள். டேப் உருகி, வயர் தோல் கருகி, பாக்ஸின் உள்பக்கம் கரி படிந்திருந்தது.

இந்த இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள். கேம் அணைகிறது என்று நான் ஏழு வாரம் கவலைப்பட்டேன். அந்த ஏழு வாரமும் அப்பா அம்மா தூங்கும் அறைக்கு வெளியே சுவருக்குள் அந்த ஜாயின்ட் வெந்துகொண்டிருந்தது. பெரிய சுமை எடுக்கும்போது விளக்கு மங்கினால், சுவிட்ச் போர்டு தொட்டால் சூடாக இருந்தால், பிளாஸ்டிக் கருகும் வாசனை லேசாக வந்தால், கம்ப்யூட்டரை விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்க்கும் வேலையையும் பழக்கம் உள்ளவரிடம் விடுங்கள். கேபினெட் ஸ்க்ரூவைத் தொட்டால் சுர்ரென்று விரலில் இழுப்பது எனக்குப் பல மாதமாக இருந்தது. எல்லார் வீட்டிலும் உண்டு என்று விட்டுவிட்டேன். அதுவும் இதோடு சேர்ந்ததுதான்: மாடி பிளக்குகளில் மூன்றாவது துளைக்கு எர்த் வயரே கொடுக்கவில்லை. எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இருக்கும் ஃபில்டர் கசியவிடும் சிறு கரண்ட் எர்த்துக்குப் போக வழியில்லாமல் கேபினெட்டில் நின்றிருக்கிறது.

ஏ.சி.க்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் வயர், என் அறை பிளக்குகளுக்கு 2.5 வயர், இரண்டுக்கும் தனித்தனி எம்.சி.பி. (சுமை மீறினால் தானே அணையும் சுவிட்ச்), எர்த். இரண்டு நாள் வேலை. பழைய யு.பி.எஸ்.ஸை மோடத்துக்கும் ரௌட்டருக்கும் ஒதுக்கிவிட்டு, கம்ப்யூட்டருக்கு 1100 வி.ஏ., 660 வாட் யு.பி.எஸ். வாங்கினேன். வாங்கும்போது வி.ஏ. எண்ணைப் பார்க்காமல் வாட் எண்ணைப் பாருங்கள், உங்கள் சுமையைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் கனமான கேம் ஓடும்போதே சுவர் சுவிட்சை அணைத்துச் சோதித்தேன். சும்மா டெஸ்க்டாப்பில் இருக்கும்போது சோதிப்பது சோதனையே இல்லை. யு.பி.எஸ். வாங்கப் பணம் இல்லையென்றாலும் சந்தேகத்தைத் தீர்க்க ஒரு காசும் செலவாகாத வழி உண்டு. இரண்டு நாள் யு.பி.எஸ்.ஸை ஒதுக்கி, கேபினெட்டை நேரே சுவர் பிளக்கில் செருகி விளையாடிப் பாருங்கள். நான் முதல் நாளே செய்திருக்க வேண்டியது அது.

முதல் வகை அன்றோடு நின்றது. இரண்டாவது வகை நிற்கவில்லை. வயரிங் முடிந்த மூன்றாம் நாள் ராத்திரி 41-வது நிமிஷத்தில் அணைந்தது. மானிட்டர் விளக்கு எரிந்தது. இந்த முறை எனக்குப் பதற்றம் இல்லை. நோட்டில் எழுதிவிட்டு, சுவர் சுவிட்சை அணைத்து அரை நிமிஷம் விட்டுப் போட்டுப் பட்டனை அழுத்தினேன். அசையவில்லை. இது தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய வித்தியாசம். அளவுக்கு மீறி கரண்ட் இழுத்ததால் எஸ்.எம்.பி.எஸ். தன்னைப் பூட்டிக்கொண்டால், மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டதும் பெரும்பாலும் உடனே எழுந்துவிடும். சூட்டினால் பூட்டிக்கொண்டால் ஆறும்வரை எழாது. பன்னிரண்டு நிமிஷம் கழித்து எழுந்தது.

பிராசஸரை மட்டும் முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. கார்டை மட்டும் ஓட்டினேன், 50 நிமிஷத்தில் அணைந்தது. இரண்டையும் சேர்த்து ஓட்டினேன், 23 நிமிஷம். பிறகு ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதமாகக் குறைத்து, கேமில் 60 ஃபிரேமுக்கு மேல் போகாமல் கட்டிவைத்தேன். இரண்டரை மணி நேரம் நிற்காமல் ஓடியது. இந்தச் சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு ஸ்க்ரூ கழற்ற வேண்டாம், காசு வேண்டாம், கார்டுக்குக் கெடுதலும் இல்லை. சுமையைக் குறைத்தால் நிற்கிறது என்றால், சுமையைச் சுமப்பவர்மீதுதான் கண் போக வேண்டும். புது எஸ்.எம்.பி.எஸ். வாங்கப் பணம் சேரும்வரை இப்படியே விளையாடிக்கொள்ளலாம், படத்தில் பெரிய குறை கண்ணுக்குத் தெரியாது.

அப்புறம் குனிந்து பார்த்தேன். அதுவரை கேபினெட்டின் பக்கவாட்டைத்தான் திறந்து திறந்து பார்த்திருந்தேன், அடிப்பாகத்தைப் பார்த்ததே இல்லை. இப்போதைய கேபினெட்டுகளில் எஸ்.எம்.பி.எஸ். கீழே இருக்கும், அதன் ஃபேன் தரையைப் பார்த்து, அடியிலிருந்து காற்றை உறிஞ்சும். என் கேபினெட் பழைய கம்ப்யூட்டர் மேஜையின் மரப்பொந்துக்குள் இருந்தது, மூன்று பக்கமும் பலகை. அடியில் நாலாக மடித்த பழைய ஜமக்காளம். வீடு துடைக்கும்போது தண்ணீர் பட்டுவிடக் கூடாது என்று அம்மா வைத்தது. என் மெஷினை என்னைவிட அக்கறையாகப் பார்த்துக்கொண்டவர் அவர்தான், காற்று கீழிருந்து போகிறது என்று அவரிடம் சொல்லாதது என் தப்பு. ஜமக்காளத்தில் எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் வடிவத்திலேயே வட்டமாகத் தூசி படிந்திருந்தது. கேபினெட்டின் அடியில் தூசியைத் தடுக்கும் ஃபில்டர் கம்பளிபோல் அடைந்து கிடந்தது.

மரப்பொந்திலிருந்து வெளியே எடுத்து, ஃபில்டரைக் கழுவிக் காய வைத்து, இரண்டு செங்கல்மேல் ஏற்றி வைத்தேன். அன்று பவர் லிமிட்டை 100-க்கே கொண்டுவந்து விளையாடினேன். 41 நிமிஷம் தாண்டியது, ஒரு மணி நேரம் தாண்டியது. ஷார்ஜா நண்பனிடம் நான் நேரத்தைச் சொல்லச் சொல்ல, அவன் அங்கே எண்ணிக்கொண்டிருந்தான். ஒரு மணி நாற்பது நிமிஷத்தில் அணைந்தது.

எனக்கு அது தோல்வியாகத் தெரியவில்லை. 41 நிமிஷம் 100 நிமிஷமாக ஆகியிருக்கிறது. இடம் சரி, திசை சரி. எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றி ஃபேனை விரலால் சுண்டினேன். நல்ல ஃபேன் பல சுற்று ஓடி நிற்கும். இது அரைச் சுற்றில் நின்றது. எட்டு வருஷ வேலூர்ச் சூட்டில் பேரிங் காய்ந்துவிட்டது. திறந்து எண்ணெய் விடலாமா என்று மாமாவுக்கு போன் செய்தேன். வாழ்க்கையில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு முறைதான். “தொடாத மாப்ள. பிளக்கப் புடுங்கினாலும் உள்ள கண்டென்சர்ல கரண்ட் நிக்கும்.” அவர் சொன்னது சரி. அதன் பெரிய கண்டென்சரில் 400 வோல்ட் பக்கம் தேங்கி நிற்கக்கூடும், ஆளைக் கொல்லப் போதும். வெளியிலிருந்து புளோயரால் ஊதலாம், ஊதும்போது ஃபேன் இறக்கை சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளலாம். அந்தப் பெட்டியின் ஸ்க்ரூவை மட்டும் கழற்றாதீர்கள்.

ஒரு நாள் காட்பாடியில் ரயில் ஏறி, சென்னை ரிச்சி தெருவில் 650 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை 5,400 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். ஐந்து வருஷ வாரண்டி உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். வாட் எண் பெரிதாக இருப்பதைவிட வாரண்டி வருஷம் எனக்கு நம்பிக்கை தருகிறது. எவ்வளவு காலம் தாங்கும் என்று செய்தவரே நினைக்கிறாரோ அவ்வளவுதானே எழுதிக் கொடுப்பார்.

மாட்டும்போது செய்யப் பார்த்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸும் கேபிள்கள் தனியாகக் கழலும் வகை. பழைய கேபிள்கள் கேபினெட்டுக்குள் அழகாகக் கட்டப்பட்டிருந்தன. அவற்றை அப்படியே விட்டு, முனையை மட்டும் புதுப் பெட்டியில் செருகலாம் என்று கை போனது. செருகவும் செருகும். ஆனால் எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து முனையில் எந்தத் துளையில் எந்த வோல்ட் என்பது ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும், சில சமயம் ஒரே தயாரிப்பாளரின் இரண்டு மாடலுக்கும்கூட மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் எஸ்.எஸ்.டி. அந்த நொடியே போய்விடும், அதிலிருக்கும் படங்களும் போய்விடும். புதுப் பெட்டியோடு வந்த கேபிள்களை மட்டும் பயன்படுத்துங்கள், கட்டியதைப் பிரிக்க எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.

அன்று ராத்திரி மூன்றரை மணி நேரம் விளையாடினோம். கடைசி ஒரு மணி நேரம் யாரும் சரியாக ஆடவில்லை, பேசிக்கொண்டிருந்தோம்.

கேபினெட் இப்போதும் உயரத்தில்தான் இருக்கிறது. செங்கல் பார்க்க நன்றாக இல்லை என்று அம்மா சொன்னதால், ஆசாரியிடம் சொல்லி நாலு கால் வைத்த சின்ன மரச்சட்டம் செய்து வாங்கினேன். நடுவில் பலகை இல்லாத வெறும் சட்டம், தரையிலிருந்து ஒரு சாண் உயரம். வீடு துடைக்கும் தண்ணீரும் படாது, காற்றும் போகும். மாதம் முதல் ஞாயிறு அன்று அடி ஃபில்டரைக் கழுவுகிறேன். அந்தக் கருகின ஜாயின்ட்டை மாமா கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கடைக்கு வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றார். இப்போது அது அவர் மேஜைக்கு மேலே ஒரு ஆணியில் தொங்குகிறது.